வெள்ளை மூடிக் குப்பி

கண்ணைத் திறக்கக் கூடாது, அரைமணி நேரம், கண்பாப்பா நன்றாக விரியட்டும் என்று சொல்லி, இரண்டு கண்ணிலும் மருந்தை விட்டு, கையில் ஒரு துண்டு பஞ்சையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள் அந்த நர்ஸ். வழிந்தால் ஒற்றிக்கொள்ள வேண்டும், தேய்க்கக் கூடாது. பஞ்சநதம் தேய்க்கவில்லை. ஒற்றி ஒற்றி நனைந்துபோன பஞ்சு உள்ளங்கையில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு, வேறு யாரோ மென்று துப்பியதைத் தான் பத்திரமாகப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது. கீழே போடலாமென்றால் குப்பைக்கூடை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கண்ணை மூடியதும் மூக்கு விழித்துக்கொண்டது. அது அவருடைய பழைய வியாதி. பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பால் பண்ணையில் முப்பத்திரண்டு வருஷம் பால் இறக்கும் மேடையில் நின்றவர் அவர். வண்டியில் வந்த ஒவ்வொரு கேனின் மூடியையும் கழற்றி, கண்ணை மூடிக்கொண்டு மூடியின் உட்புறத்தை மோந்து பார்ப்பார். சந்தேகமிருந்தால் ஒரு மடக்கு வாயில் விட்டு, உருட்டித் துப்புவார். அவர் சரி என்றால் சரி, இல்லை என்றால் இல்லை. சோதனைக் குழாயும் மெஷினும் அதற்கப்புறம்தான். அந்த மூக்கை வைத்துக்கொண்டு இந்த ஆஸ்பத்திரிக் கூடத்தில் உட்காருவது பெரிய தண்டனை. பினாயில், வாடிய மல்லிகை, யாரோ டப்பாவைத் திறந்துவிட்ட புளிச்சாதம், இரண்டு நாற்காலி தள்ளி காலில் கட்டுப் போட்ட ஒரு ஆள். அந்தக் கட்டுக்குள்ளிருந்து ஒரு வாடை, இனிப்பும் அழுகலும் சேர்ந்த வாடை, மின்விசிறி இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் வந்து முகத்தில் தடவிவிட்டுப் போனது. சர்க்கரைப் புண். மனுஷன் உயிரோடு இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகப் பாகாகிப் போவது. மின்விசிறி திரும்பப் போகிறது என்று தெரிந்ததும் அவர் மூச்சை அடக்கிக்கொண்டார். வலது பக்கத்தில் கமலம் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய புடவையிலிருந்து வந்தது வெறும் சோப்பு வாசனை. அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியதால் நேராகவே வைத்துக்கொண்டிருந்தார்.

யோக்கியதை என்ற வார்த்தை வந்ததும் மனசு அதில் மாட்டிக்கொண்டு நின்றது. பதினாலு மாதத்துக்கு முன்னால் இதே கூடத்தில், இதே மாதிரி நாற்காலியில், எவ்வளவு யோக்கியமாக உட்கார்ந்திருந்தார். டாக்டர் அவரை அறைக்குள் கூப்பிட்டு, வரைந்து காட்டிச் சொன்னார். "சுகர் கண்ணுக்குள்ள கசிவு உண்டாக்குறதுக்கு ரொம்ப முன்னாடியே விழித்திரையில இருக்கிற நரம்பச் சத்தமில்லாம பட்டினி போட ஆரம்பிச்சிடுது. கசிஞ்சப்புறம் லேசர் வைக்கிறோம், ஊசி போடுறோம். போன பார்வை திரும்பாது. கசியறதுக்கு முன்னாடியே காப்பாத்த முடியுமான்னு பாக்கத்தான் இந்தச் சொட்டு. உங்கள மாதிரி ஆரம்ப நிலையில இருக்கிறவங்க இருநூறு பேர் சேந்திருக்காங்க." ஒரு கண்ணுக்கு மருந்து, இன்னொரு கண்ணுக்கு அதே மாதிரி இருக்கிற, மருந்தில்லாத ஒன்று. பச்சை மூடி வலது கண்ணுக்கு, வெள்ளை மூடி இடது கண்ணுக்கு. எதில் மருந்து இருக்கிறது என்று அவருக்கும் தெரியக் கூடாது, டாக்டருக்கும் தெரியாது. இரண்டு வருஷம் முடிந்து கடைசியில்தான் பிரித்துப் பார்ப்பார்கள். ஏன் சார் அப்படி என்று கேட்டதற்கு டாக்டர், "தெரிஞ்சுட்டா மனசு சும்மா இருக்காதுங்க" என்றார். பஞ்சநதம் பெரிய விஞ்ஞானிபோலத் தலையாட்டினார். பால் பண்ணையில் மாதிரி எடுக்கிற வேலை பார்த்தவனுக்கு இதெல்லாம் புரியாதா என்று ஒரு மிதப்பு வேறு. கையெழுத்துப் போட்டார். கமலமும் தன்னைச் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டாள். அவளுக்கும் ஆறு வருஷமாகச் சர்க்கரை. ஆனால் அவளுடைய ஒரு கண்ணில் ஏற்கனவே லேசர் வைத்தாகிவிட்டது. வைத்த கண்ணுக்கு இந்த ஆராய்ச்சியில் இடமில்லை. "உங்களுக்காச்சும் கெடச்சுதே" என்றாள், பொறாமையில்லாமல். அந்தப் பொறாமையில்லாத குரலை இப்போது நினைத்தாலும் அவருக்கு உடம்பு கூசியது.

வீட்டுக்கு வந்து பையிலிருந்து குப்பிகளை எடுத்து மேஜையில் வைத்தார். எந்த மடையனாவது கண்ணில் விடவேண்டிய மருந்தை நக்கிப் பார்ப்பானா? அவர் பார்த்தார். முப்பத்திரண்டு வருஷப் பழக்கம், நாக்கு கேட்டுக்கொண்டு வரவில்லை. புறங்கையில் பச்சை மூடியிலிருந்து ஒரு சொட்டு. நக்கினார். அடிநாக்கிலிருந்து கசப்பு கிளம்பி, காதுவரைக்கும் ஏறி, ஒரு முழுச் செம்பு தண்ணீர் குடித்த பிறகும் போகவில்லை. வெள்ளை மூடியிலிருந்து ஒரு சொட்டு. ஒன்றுமில்லை. கண்ணீர் உதட்டில் பட்டால் வரும் அந்தச் சின்ன உப்பு, அவ்வளவுதான். அந்த நிமிஷமே அவருக்கு விஷயம் முடிந்துபோயிற்று. எட்டு வருஷமாக, குளியலறை மூலையில் எறும்பு மொய்க்க ஆரம்பித்து அதன் காரணம் தான்தான் என்று தெரிந்து அருவருத்து நின்ற நாளிலிருந்து, அவர் கசப்பைத்தான் நம்பியிருந்தார். விடியற்காலையில் பாகற்காய்ச் சாறு, வேப்பங்கொழுந்து, நிலவேம்பு. யார் என்ன கசப்பைச் சொன்னாலும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். இனிப்பு பண்ணிய அக்கிரமத்தைக் கசப்புதான் அடக்கும், இதில் டாக்டர் என்ன பிரித்துப் பார்ப்பது? பச்சை மூடி மருந்து. வெள்ளை மூடி தண்ணீர். அப்புறம் இடது கண் மட்டும் என்ன பாவம் செய்தது என்ற கேள்வி வந்தது. மனசு சும்மா இருக்கவில்லை.

குப்பிகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருப்பிக் கொடுக்க வேண்டும். எடை போட்டுப் பார்ப்பார்கள். அதற்கும் வழி இருந்தது, அதைக் கண்டுபிடித்தபோது தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. ஒவ்வொரு குப்பியிலிருந்தும் நாளுக்கு இரண்டு சொட்டு போக வேண்டும், காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. சாயங்காலத்தை விட்டுவிட்டால் போயிற்று. காலையிலேயே பச்சை மூடியிலிருந்து வலது கண்ணுக்கு ஒன்று, இடது கண்ணுக்கு ஒன்று. எடை சரியாக வரும். வெள்ளை மூடியிலும் தினம் இரண்டு சொட்டைச் சாக்கடையில் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். இரண்டாம் நாள் கமலம் வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, "எனக்கும் அதுல ஒரு சொட்டு விட்டா ஏதும் ஆயிடுமா?" என்று கேட்டாள். இப்போது, இந்த நாற்காலியில், கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தை எத்தனை தடவை திரும்பத் திரும்பப் பார்த்தாலும் அது ஒரே மாதிரிதான் இருக்கிறது. பச்சை மூடி வலது கையருகில், வெள்ளை மூடி இடது கையருகில். கை தயங்கவே இல்லை. நேராக வெள்ளை மூடிக்குப் போயிற்று. அவள் நாற்காலியில் உட்கார்ந்து அண்ணாந்தாள். இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு. சாக்கடைக்குப் போகவேண்டியது. அன்றிலிருந்து தினமும். அவளுக்கு லேசர் வைத்த கண் காலையில் கூசும் என்பதால் ஜன்னலைச் சாத்திவிட்டு, தாடையைப் பிடித்து, கீழ் இமையை விரலால் இழுத்து, ரொம்பப் பதவிசாக விடுவார். பக்கத்து வீட்டு அம்மாளிடம் அவள், "தனக்குக் குடுத்த மருந்துல எனக்குப் பங்கு குடுக்குறாரு" என்று சொன்னது ஒருநாள் காதில் விழுந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காததுகூடப் பெரிசில்லை, அந்த வார்த்தை அவருக்குச் சுகமாக இருந்தது, அன்று முழுக்க நல்ல மனுஷனாக வீட்டுக்குள் நடமாடினார். த்தூ.

கண்ணில் விட்ட மருந்து மூக்கு வழியாகத் தொண்டைக்கு இறங்கும். பதினாலு மாதமும் காலைக் காப்பிக்கு முன்னால் அந்தப் பச்சைமூடிக் கசப்பு இறங்கி, கொல்லைக் குழாயடியில் நின்று காறித் துப்புவார், அது மருந்து வேலை செய்வதன் சத்தம் என்று நினைத்துக்கொண்டு. போன முறை வந்தபோது டாக்டர் அவருடைய கண்ணின் போட்டோவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இரண்டு கண்ணிலும் புதிதாகப் புள்ளிகள். "ரெண்டுலயும் ஒண்ணுபோல கூடிட்டு வருது" என்றார், கொஞ்சம் ஏமாற்றமாக. சாயங்காலச் சொட்டை நிறுத்தியதால்தான் இப்படி என்று பஞ்சநதம் தனக்குச் சொல்லிக்கொண்டார். இன்று காலையில் கமலத்தின் முறை, அது ஆராய்ச்சியில்லாத சாதாரணப் பரிசோதனை, வேறு டாக்டர். அவள் வெளியே வந்து, விரிந்த கண்ணை முந்தானையால் மறைத்துக்கொண்டு சொன்னாள்: "போன வருஷம் பாத்தது அப்படியே நிக்குதாம். ஒரு புள்ளி கூடலயாம். சந்தோஷமா போங்கம்மான்னாரு." இத்தனை வருஷம் இனிப்புப் பக்கம் போகாத மனுஷனுக்குக் கூடுகிறது, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வெட்கமில்லாமல் தின்கிற அவளுக்கு நிற்கிறது. அவர் அந்த இடத்திலேயே புரிந்துகொண்டார். வெள்ளை மூடியில்தான் மருந்து. கசந்தது வேறு எதுவோ, குப்பி கெடாமல் இருக்கப் போட்ட எதுவோ. நல்லது, அப்படியாவது அவளுக்குப் போய்ச் சேர்ந்ததே என்று ஒரு மனுஷனுக்குத் தோன்ற வேண்டும். அவருக்கு முதலில் தோன்றியது அது இல்லை. நாளையிலிருந்து வெள்ளை மூடியை நாம் விட்டுக்கொள்ள வேண்டும், அவளுக்குப் பச்சையைக் கொடுத்துவிடலாம். அதுதான் தோன்றியது. தயங்காமல், அன்றைக்குக் கை போனதுபோலவே நேராக. தோன்றிய பிறகுதான் தோன்றியது என்று தெரிந்தது. அப்போதிலிருந்து மூக்கில் ஒரு வாடை நிற்கிறது. அது புளிச்சாதமும் இல்லை, அந்தக் கட்டும் இல்லை. அந்த ஆளுக்குக் காலில்தான் அழுகியிருக்கிறது.

இதில் இன்னொன்றும் இருந்தது. அதை நினைக்காமல் தள்ளித் தள்ளிப் பார்த்தார், அது நாக்கில் ஒட்டிய மயிர்போலத் திரும்பத் திரும்பத் தட்டுப்பட்டது. அவருடைய இரண்டு கண்ணும் ஒன்றுபோலக் கெட்டது என்று நிலோபர் எழுதிக்கொண்டாயிற்று. நிலோபர் இந்த ஆராய்ச்சிக்குக் கேள்வி கேட்டு எழுதுகிற பெண், இன்னும் கொஞ்ச நேரத்தில் வருவாள். மருந்து விட்ட கண்ணும் விடாத கண்ணும் ஒன்றுபோல. அப்படியென்றால் மருந்தால் பிரயோஜனமில்லை. அப்படித்தானே கணக்குப் பார்ப்பார்கள்? இருநூறு பேரில் ஒருத்தன்தானே, என்ன வந்துவிடப் போகிறது என்று சமாதானம் சொல்லிப் பார்த்தார். ஒருமுறை மரகதம் என்ற பால்காரி, நாற்பது லிட்டர் கேனோடு வந்தவள், இதையேதான் சொன்னாள். லேசாகத்தான் புளிப்பு தட்டுது, டேங்கர் பாலோட சேந்தா யாருக்குத் தெரியப் போகுது என்று. ஒரு கேன் போதும், டேங்கர் முழுக்கப் போய்விடும் என்று சொல்லி, அவள் கண்ணெதிரிலேயே மேடையில் கவிழ்த்தார். சிமெண்டில் வெள்ளையாக ஓடி, சாக்கடையில் விழுந்து, ஈ மொய்த்தது. அவள் காலி கேனைக் கழுவக்கூடச் செய்யாமல் எடுத்துக்கொண்டு போனாள். அன்று சாப்பிடும்போது தன் நேர்மையைப் பற்றிக் கமலத்திடம் பேசிக்கொண்டே சாப்பிட்டார். அந்த வாய். சரி, சொல்லிவிடலாம். சொன்னால் ஆராய்ச்சியிலிருந்து தூக்கிவிடுவார்கள், குப்பிகளைப் பிடுங்கிக்கொள்வார்கள். இன்னும் பத்து மாதத்துக்கு வரவேண்டிய வெள்ளை மூடி வராது. அவருக்கும் வராது, கமலத்துக்கும் வராது, கடையிலும் கிடைக்காது. சொல்லாவிட்டால் பத்து மாதம் கிடைக்கும். யாருக்கு என்று பிறகு முடிவு செய்துகொள்ளலாம். பிறகு என்று சொல்லிக்கொள்கிறபோதே யாருக்கு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கண்ணைப் பற்றியும் பயம் இருந்தது. நன்றாகத் தெரிகிற கண்தான் இன்னும். ஆனால் ஒருநாள் காலையில் எழுந்து குழாயடிக்குச் சுவரைத் தடவிக்கொண்டு போகிறவனாக, தட்டில் விழுந்த ஈயைத் தெரியாமல் பிசைந்து தின்கிறவனாக அவர் தன்னைப் பலமுறை பார்த்திருக்கிறார். அந்த ஈ வாய்க்குள் நசுங்குவதுவரை பார்த்திருக்கிறார்.

"கமலம்" என்றார். அவள் ம் என்றாள். மருந்து விட்டால் தொண்டையில் அவளுக்குக் கசக்குமா என்று கேட்டார். கேட்டிருக்க வேண்டாம், ஆனால் வாய் அதற்குள் கேட்டுவிட்டது. "எனக்கா? எனக்கு ஒருநாளும் கசந்ததில்ல" என்றாள். பிறகு தணிந்த குரலில், "உங்களுக்குத்தான் கசக்கும். தெரியுமே" என்றாள். மின்விசிறி திரும்பியது, அவர் மூச்சை அடக்க மறந்துபோனார். "என்ன தெரியும்?" "பதினாலு மாசமா கொல்லையில நின்னு காறிக் காறித் துப்புறீங்க. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே மருந்தா இருந்தா நானும்ல துப்பணும். மொத வாரத்துலயே தெரிஞ்சுபோச்சு, எனக்கு விடுறது சும்மாத் தண்ணின்னு." அவள் குரலில் கோபம் எங்கே இருக்கிறது என்று தேடினார், கிடைத்தால் பிடித்துக்கொள்ளலாம் என்று, கிடைக்கவில்லை. "அப்பறம் ஏன் தெனமும் வந்து அண்ணாந்து உக்காந்தே?" "என்னத்தச் செய்யிறது. நல்லவரா இருக்கணும்னு உங்களுக்கு ஆசை. சன்னலச் சாத்துறதும், மெதுவா மெதுவாங்கிறதும். சரி, இருந்துட்டுப் போகட்டுமேன்னு விட்டுட்டேன்." சாவியை எங்கே வைத்தாள் என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். அவருக்குக் கன்னம் இரண்டும் எரிந்தன. ஒவ்வொரு காலையும், அவர் தாடையைப் பிடித்துக் குனிந்த ஒவ்வொரு காலையும், அவள் அண்ணாந்தபடி கீழிருந்து அவருடைய நல்லவர் முகத்தை முழுசாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

"பஞ்சநதம் ஐயா, கண்ண மூடிக்கிட்டே இருங்க, போட்டோவுக்கு முன்னாடி ரெண்டே கேள்வி" என்று நிலோபரின் குரல் எதிரில் வந்து நின்றது. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம், காகிதம் புரளும் சத்தம். குப்பி இரண்டும் கொண்டு வந்திருக்கிறாரா என்று கேட்டாள். "பையில இருக்கும்மா" என்று கமலம் எடுத்துக் கொடுத்தாள். "ரெண்டு கண்ணுக்கும் காலையில ஒரு சொட்டு, சாயங்காலம் ஒரு சொட்டு, தவறாம விட்டீங்களா?" இதே கேள்விக்கு நாலு தடவை ஆமாம்மா என்றிருக்கிறார். ஐந்தாவது ஆமாம்மாவும் வாய்க்குள் தயாராக இருந்தது, எச்சிலோடு சேர்ந்து. அதை விழுங்கினார். விழுங்க முடியாமல் விழுங்கினார். "இல்லம்மா" என்றார். பேனா நின்றது. "எத்தன நாளு விட்டுப்போச்சு, ஐயா?" "மொத நாள்லேருந்தே தப்பு." பிறகு சொன்னார், மேடையில் நின்று கேன் நம்பரும் ஊர்ப்பெயரும் சொல்வதுபோல வரிசையாக, ஒன்றும் விடாமல். நக்கிப் பார்த்தது, பச்சை மூடியை இரண்டு கண்ணுக்கும் விட்டது, சாயங்காலத்தை நிறுத்தியது, வெள்ளை மூடியைத் தண்ணீர் என்று நினைத்து இவளுக்கு விட்டது. இவளுடைய கண் அப்படியே நிற்கிறது என்று இன்று தெரிந்தது. வெள்ளையில்தான் மருந்து இருக்க வேண்டும் என்று தனக்குத் தோன்றுவது. அதைச் சொன்னபோது பக்கத்தில் கமலம் மூக்கால் ஒரு சத்தம் செய்தாள், சிரிப்பா இல்லையா என்று கண்ணைத் திறக்காமல் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்று காலையில் முதலில் என்ன தோன்றியது என்பதையும் சொன்னார். அதை யாரும் கேட்கவில்லை, எழுதுவதற்கு அந்தக் காகிதத்தில் இடமும் இருக்காது, ஆனாலும் சொன்னார், கமலத்துக்குக் கேட்கும்படி.

நிலோபர் ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள். "நாக்குல வச்சுப் பாக்காதீங்கன்னு மொத நாளே சொல்லியிருக்கணும் போல" என்றாள், தன்னைத்தானே நொந்துகொள்வதுபோல. "எதுல மருந்து இருக்குன்னு எனக்கும் தெரியாது, ஐயா. கசப்பு எதனால வேணா இருக்கும். அம்மா கண்ணு நிக்குறது வேற காரணத்தாலயும் இருக்கும். ஒரு ஆளப் பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா இத நான் எழுதித்தான் ஆகணும்." "எழுதும்மா. அதுக்குத்தான் சொன்னேன்." "எழுதினா இன்னியோட குப்பிய நிறுத்திடுவாங்க." "தெரியும்" என்றார். பேனா எழுத ஆரம்பித்தது. ரொம்ப நேரம் எழுதியது. வாந்தி எடுத்து முடித்தவனுக்கு வருகிற மாதிரி ஒரு ஓய்வு தனக்கு இப்போது வரும் என்று பஞ்சநதம் காத்திருந்தார். அது வரவில்லை. குப்பிகளை ஒரு உறையில் போடும் சத்தம் கேட்டது.

"ஏம்மா" என்றாள் கமலம். "அந்த வெள்ளை மூடியில அடியில கொஞ்சம் இருக்கும். இன்னிக்கு பஸ்ஸப் புடிக்கிற அவசரத்துல இவரு எனக்கு விடல. அத விட்டுட்டு எடுத்துட்டுப் போயேன்."

நிலோபர் உறையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றிருக்க வேண்டும். "முடியாதும்மா" என்றாள் கடைசியில். "மன்னிச்சுக்குங்க, இனிமே அத நான் யாருக்கும் விடக் கூடாது." செருப்புச் சத்தம் கூடத்தைத் தாண்டிப் போய்க் கதவுக்குப் பின்னால் மறைந்தது. நர்ஸ் சொன்ன அரைமணி ஆயிற்றா என்று தெரியாது, பஞ்சநதம் கண்ணைத் திறந்தார். வெளிச்சம் மொத்தமாக உள்ளே வந்து குத்தியது. ஒரு முழ தூரத்தில் இருந்த கமலத்தின் முகம் வெறும் வெளுப்பாக, கண் எது வாய் எது என்று தெரியாமல் கலங்கிக் கிடந்தது. குனிந்து, இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்த்தார். பின்சுவரில் தலையைச் சாய்த்து, அவள் இன்னும் அண்ணாந்தபடியே உட்கார்ந்திருந்தாள்.